வேலிக்குக் கால் முளைத்தால்...

வேலிக்குக் கால் உண்டா?

"இது என்ன கேள்வி!" என்று சிரிக்காதீர்கள். கிராமத்துப் பெரியவர் யாரையாவது கேட்டுப் பாருங்கள். "ஏன் இல்லை? எங்கள் பக்கத்து வீட்டு வேலி நடந்து நடந்து எங்கள் கிணற்றடிக்கே வந்துவிட்டதே!" என்பார். அதே கேள்வியை அந்தப் பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டால், "நடந்தது எங்கள் வேலி அல்ல, அவர் வேலி!" என்பார்.

இருவரும் பொய் சொல்லவில்லை. தாத்தா காலத்தில் முள்ளை வெட்டிப் போட்டு வேலி அடைத்தார்கள். முள் மக்கிப் போனதும் அப்பா அதற்கு முன்னால் புது முள் போட்டார். பிள்ளை தலையெடுத்ததும் கல் நட்டுக் கம்பி கட்டினார். பழைய முட்புதரைத் தோண்டச் சோம்பல்பட்டு அதற்கும் வெளியே கல்லை நட்டார். ஒவ்வொரு தடவையும் நகர்ந்தது அரை அடிதான். மூன்று தலைமுறையில் வேலி ஓர் அடி நடந்துவிட்டது!

கணக்குப் போட்டுப் பாருங்கள். அறுபது அடி நீளமுள்ள எல்லையில் வேலி ஓர் அடி நகர்ந்தால் அறுபது சதுர அடி. ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. ஆக, போனது ஒரு சென்ட்டில் ஏழில் ஒரு பங்கு. அந்தத் துண்டில் ஒரு மாட்டைக் கட்டினால் அது திரும்பிப் படுக்கக்கூட இடம் போதாது. ஆனால் அதற்காகப் பேச்சு வார்த்தை நின்றுபோன அண்ணன் தம்பிகள் எத்தனை பேர்! கல்யாணத்துக்குக்கூடப் பத்திரிகை வைக்காத பங்காளிகள் எத்தனை பேர்! வக்கீல் வீட்டு வாசலில் அந்த நிலத்தின் விலையைப்போல் பல மடங்கு செலவழித்தவர்கள் எத்தனை பேர்!

எனவே வீட்டைச் சுற்றி வேலி போடப் போகிறவர்களும், போட்ட வேலியை இடம் மாற்றப் போகிறவர்களும் கொஞ்சம் பொறுமையாக இதைப் படிக்க வேண்டும்.

தோப்புக்குள் ஒளிந்த பீரங்கி

வேலியைப் பற்றிய முதல் பாடத்தை நமக்குச் சொல்லிக் கொடுக்கும் ஊர் காவேரிப்பாக்கம். சென்னையிலிருந்து பெங்களூர் போகும் நெடுஞ்சாலையில், வாலாஜாபேட்டைக்கு முன்னால் இருக்கிறதே, அந்த ஊர்தான். முன்பு வட ஆற்காடு, பிறகு வேலூர், 2019 முதல் இராணிப்பேட்டை என்று ஜில்லாவின் பெயர் மாறினாலும் ஊர் மாறவில்லை. பல்லவ மன்னன் மூன்றாம் நந்திவர்மன் காலத்தது என்று சொல்லப்படும் மாபெரும் ஏரி இன்றும் அங்கே இருக்கிறது.

1752-ம் ஆண்டு பிப்ரவரி மாதம். கர்நாடக நவாப் பதவிக்காக இங்கிலீஷ்காரர்களும் பிரெஞ்சுக்காரர்களும் ஆளுக்கு ஒரு பக்கம் நின்று சண்டை போட்ட காலம். ராபர்ட் கிளைவ் தன் படையோடு ஆற்காட்டை நோக்கிப் போய்க் கொண்டிருந்தார். பொழுது சாய்கிற வேளை. காவேரிப்பாக்கத்துக்கு அருகில் சாலையோரமாக ஒரு மாந்தோப்பு. அதற்குள் சந்தா சாகிபின் மகன் ராஜா சாகிபுக்குத் துணையாக வந்த பிரெஞ்சுக்காரர்கள் ஒன்பது பீரங்கிகளை ஒளித்து வைத்திருந்தார்கள்.

தோப்புக்கு அருமையான பாதுகாப்பு! இரண்டு பக்கங்களில் பள்ளமும் மண் கரையும். சாலையில் வருகிறவர்கள் அந்தக் கரையைத் தாண்டி உள்ளே வர முடியாது. உள்ளே இருப்பவர்களோ சௌகரியமாகச் சுடலாம். கிளைவின் படை திணறிவிட்டது. முன்பக்கத்திலிருந்து முட்டிப் பார்த்துப் பயனில்லை என்று கண்டதும், இருட்டிய பிறகு கிளைவ் தன் படையில் ஒரு பகுதியைச் சுற்று வழியில் அனுப்பி வைத்தார். போய்ப் பார்த்தால், தோப்பின் பின்பக்கம் திறந்தே கிடந்தது! கரையும் இல்லை, காவலும் இல்லை. பின்னாலிருந்து வந்த குண்டுகளைப் பீரங்கிக்காரர்கள் எதிர்பார்க்கவே இல்லை. சண்டை அத்தோடு முடிந்தது.

நம்மில் பலர் வேலி போடுவதும் இப்படித்தான். தெருப் பக்கம் இரும்புக் கேட் என்ன, வர்ணம் என்ன, மதிலின் மேல் கண்ணாடித் துண்டு என்ன! கொல்லைப் பக்கம் போய்ப் பாருங்கள்: ஆடு வருகிறது, மாடு வருகிறது, கீரைப் பாத்தி போகிறது. கையில் இருக்கும் பணத்தில் முன்பக்கத்துக்கு மட்டும் ராஜ மதில் கட்டுவதைவிட, நான்கு பக்கமும் சாதாரண வேலி போடுவதே புத்திசாலித்தனம். ஆடு வாசல் வழியாகத்தான் வர வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை அல்லவா?

காவல்காரனே குடியேறினான்

சரி, எந்த வேலி போடுவது? உயிர்வேலியா, கல்லும் கம்பியுமா, மதிற்சுவரா?

உயிர்வேலி என்றதும் நம் பக்கத்தில் எல்லோருக்கும் ஞாபகம் வருவது வேலிகாத்தான். சீமைக் கருவேல் என்றும் சொல்வார்கள். பெயரைக் கவனித்தீர்களா? வேலியைக் காப்பவன் என்று நம்பித்தான் மக்கள் அந்தப் பெயரை வைத்தார்கள். அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த இந்த மரத்தின் விதை 1877-ம் ஆண்டு வாக்கில் சென்னை மாகாணத்துக்கு வந்தது. கடப்பைப் பக்கத்தில் முதலில் விதைத்தார்கள். வறண்ட பூமிக்கு விறகு கிடைக்கும், வேலியும் ஆகும் என்று எண்ணம். எண்ணம் நல்லதுதான். ஆனால் நடந்தது என்ன?

காய் இனிக்கும். ஆடு மாடுகள் ஆசையாய்த் தின்னும். விதை மட்டும் செரிக்காமல் சாணத்தோடு வெளியே விழும். விழுந்த இடத்தில் முளைக்கும். வேலியில் நின்ற காவல்காரன் இப்படியே வயலுக்குள் போனான்; வயலிலிருந்து ஏரிக்குப் போனான்; ஏரியிலிருந்து ஆற்று மணலுக்குப் போனான். "வேலியே பயிரை மேய்ந்தாற்போல" என்று நம் முன்னோர் சொன்ன பழமொழிக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் உண்டா? கடைசியில் 2022-ம் ஆண்டு, இதுபோன்ற அயல்நாட்டுச் செடிகளை அகற்றுவதற்கென்றே தமிழ்நாடு அரசு ஒரு கொள்கையை வெளியிட வேண்டியதாயிற்று.

இதற்கு முன்னால் சப்பாத்திக் கள்ளியும் இதே வேலையைச் செய்தது. வேலிக்கென்று வைத்த கள்ளி காடு கரையெல்லாம் பரவ, 1926-ல் இலங்கையிலிருந்து ஒரு வகைப் பூச்சியைக் கொண்டுவந்து விட்டுத்தான் அதை அடக்கினார்கள்.

ஆகவே உயிர்வேலி வைப்பவர்கள், வைத்த இடத்தில் நிற்கும் செடியாகப் பார்த்து வைக்க வேண்டும். கிளுவைப் போத்து நட்டால் வேர் பிடித்துக்கொள்ளும், முள்ளும் உண்டு. கொடுக்காப்புளியை நெருக்கமாக விதைத்துத் தலையை வெட்டி வெட்டி விட்டால் நல்ல அடர்த்தியாக வரும். மேலே விட்டுவிட்டால் பிள்ளைகளுக்குக் காய் கிடைக்கும். ஆடாதொடையும் நொச்சியும் முள் இல்லாதவை. ஆனால் ஆடு அவற்றைச் சீண்டாது. இருமலுக்கு ஒன்று, நீராவி பிடிக்க ஒன்று என்று வீட்டு வைத்தியத்துக்கும் ஆகும். வீட்டுப் பெண்களின் அபிப்பிராயம் கேட்டால் மருதாணி என்பார்கள். அதுவும் நல்ல வேலிதான்.

உயிர்வேலிக்கு ஒரு குணம் உண்டு. அது பருக்கும். ஒரு முழ அகலத்தில் வைத்தது நான்கு வருஷத்தில் இரண்டு முழமாகும். எனவே எல்லைக் கோட்டின் மேலேயே நடாமல், இரண்டு அடி உள்ளே தள்ளி நடுங்கள். அது பருக்க வேண்டுமானால் உங்கள் நிலத்தில் பருக்கட்டும்.

கல் முதலில், வேலி பிறகு

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம்.

எல்லை இருக்கும் இடத்தில் வேலி இருக்க வேண்டும். நம்மில் பலர் இதைத் தலைகீழாக்கி, வேலி இருக்கும் இடம்தான் எல்லை என்று நினைத்துக்கொள்கிறோம். வம்பு பிறப்பது அங்கேதான். வேலி என்பது மனிதன் அவசரத்தில் போட்டது. எல்லை என்பது அளந்து கல் நட்டது.

அளப்பது நமக்குப் புதிதல்ல. முதலாம் இராஜராஜ சோழன் காலத்திலேயே நாடு முழுவதையும் அளந்தார்கள். "வேலி" என்ற சொல்லே சோழ நாட்டில் ஒரு நில அளவைக்குப் பெயர். இருபது மா கொண்டது ஒரு வேலி. இன்றைய கணக்கில் ஆறரை ஏக்கருக்குச் சற்று அதிகம். அளவும் வேலியும் ஒரே சொல்லாக இருப்பதில் ஓர் அர்த்தம் இருப்பதாகத் தோன்றுகிறதல்லவா?

பிற்காலத்தில் வந்த இங்கிலீஷ் முறை, சங்கிலி பிடித்து அளப்பது. சங்கிலி 66 அடி நீளம், அதில் 100 கண்ணிகள். பத்துச் சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். சென்ட்டுக்கு 435.6 சதுர அடி என்ற விசித்திரக் கணக்கு அதிலிருந்து வந்ததுதான். 1923-ம் ஆண்டின் நில அளவை மற்றும் எல்லைச் சட்டம் இன்றும் நம் மாநிலத்தில் நடைமுறையில் இருக்கிறது. சர்வே கற்களும் புல வரைபடமும் அதன்படி ஏற்பட்டவையே.

எனவே வேலியைத் தொடுவதற்கு முன் செய்ய வேண்டியவை மூன்று. முதலாவது, பட்டாவையும் வரைபடத்தையும் கையில் வாங்குங்கள். ஊர் நத்தத்தில் உள்ள வீடானால் நத்தம் பட்டாவில் அளவு சதுர மீட்டரில் இருக்கும். ஒரு சதுர மீட்டர் பத்தே முக்கால் சதுர அடி. இரண்டாவது, கல்லைத் தேடுங்கள். பாதிக் கல் மண்ணுக்குள் புதைந்து, குப்பைமேட்டுக்கு அடியில் இருக்கும். மூன்றாவது, கல் அகப்படவில்லை என்றால் நீங்களே கயிறு பிடித்து முடிவு செய்யாதீர்கள். பணம் கட்டி மனுக் கொடுத்தால் அரசாங்கச் சர்வேயர் வந்து அளந்து அத்து காட்டுவார். பக்கத்து நிலத்துக்காரருக்கும் தகவல் கொடுத்து அவர் முன்னிலையில் அளப்பதுதான் முறை.

அந்த முன்னிலை என்பதுதான் உயிர். "அவர் ஊருக்குப் போயிருந்தார், அதற்குள் முடித்துவிட்டேன்" என்று பெருமைப்படுகிறவர்கள் உண்டு. அவர் ஊரிலிருந்து திரும்பி வருவார் அல்லவா?

"என்னண்ணே, நூல் நேரா இருக்குதா, நீங்களே ஒரு தரம் பார்த்துச் சொல்லுங்க" என்று நூலின் ஒரு நுனியை அவர் கையில் கொடுத்துப் பாருங்கள். "அட, நீ பார்த்தால் சரிதானப்பா!" என்பார். நூலைத் தானே பிடித்து நின்றவர் பிறகு வேலி கோணல் என்று சொல்லத் தயங்குவார்.

நகர்த்துகிற நாள்

அளந்தாயிற்று, வேலி தப்பான இடத்தில் இருப்பதும் தெரிந்துவிட்டது. இனி நகர்த்த வேண்டும்.

உயிர்வேலியைப் பெயர்த்து நட முடியாது. புது வரிசையை மழைக்கு முன்னால் நட்டு, ஓரிரு வருஷம் வளரவிட்டு, பிறகு பழையதை வெட்ட வேண்டும். வெட்டியது வேலிகாத்தான் என்றால் தரையோடு அறுத்துவிட்டுப் போனால் போதாது. அடிக்கட்டையிலிருந்து முன்னைவிட ஆங்காரமாகத் துளிர்க்கும். ஓர் அடி ஆழத்துக்காவது தோண்டி வேர்க்கட்டையோடு எடுக்க வேண்டும்.

கல்லும் கம்பியுமாக உள்ள வேலியில் முதலில் கம்பியை அவிழ்த்துச் சுற்றி எடுத்துவிடுங்கள். கம்பி இழுத்துக்கொண்டிருக்கும்போது கல்லை ஆட்டினால் கருங்கல் பட்டென்று இடையில் முறியும். கல்லைச் சுற்றிலும் தோண்டி, ஒரு பக்கம் பள்ளத்தைச் சரிவாக்கி, மெல்லச் சாய்த்து எடுக்க வேண்டும். அடியில் காங்கிரீட் ஒட்டியிருந்தால் சம்மட்டியால் அடிக்காதீர்கள். புதுக் குழியைப் பெரிதாகத் தோண்டி அப்படியே இறக்கிவிடுங்கள்.

புது வரிசையில் முதலில் மூலைக் கற்கள். ஏழு அடிக் கல் என்றால் இரண்டு அடி மண்ணுக்குள் போக வேண்டும். மூலைக் கல்லுக்கு இரண்டு பக்கமும் முட்டுக் கொடுக்க வேண்டும். கம்பியின் இழுப்பெல்லாம் அதன் தலையில்தான். பிறகு மூலைக்கு மூலை நூல் கட்டி, எட்டு அடி அல்லது பத்து அடிக்கு ஒரு கல்லாக நடலாம். ஒரே நாளில் எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டு இரவெல்லாம் தெரு நாய்க்கும் மாட்டுக்கும் வீட்டைத் திறந்து வைக்காதீர்கள். அன்றன்று நட முடிகிற அளவு மட்டும் பிடுங்குங்கள். பழைய குழிகளை அன்றே மண் போட்டுக் கெட்டியுங்கள். குழந்தைகள் ஓடுகிற இடம்.

குழந்தைகள் நடமாடும் பக்கத்தில் முள் கம்பி வேண்டாம். பின்னல் கம்பி போதும். வீட்டு மின்சாரத்தை வேலிக்குக் கொடுக்கும் பைத்தியக்காரத்தனம் மட்டும் வேண்டவே வேண்டாம். பன்றிக்கு என்று கொடுத்த மின்சாரம் பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் அறியாது. அது குற்றமும்கூட.

மதில் கட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சுவர் முக்கால் அடி அகலம் என்றால் அஸ்திவாரம் அதைவிட அகலம். சுவர் உங்கள் எல்லைக்குள் இருந்து, அஸ்திவாரம் அடுத்தவர் மண்ணுக்குள் போனால், அதுவும் ஆக்கிரமிப்புத்தான். அஸ்திவாரத்தின் வெளி விளிம்பை எல்லையில் வையுங்கள். இன்னொன்று, ஐப்பசி கார்த்திகை மழைத் தண்ணீர் இத்தனை வருஷமாக எந்த வழியாக ஓடியது என்று பார்த்து, சுவரின் அடியில் துவாரம் விடுங்கள். தண்ணீருக்குப் பட்டா தெரியாது. வழியை அடைத்தால் சுவரைத் தள்ளும். இல்லாவிட்டால் அடுத்த வீட்டுக்குள் போகும்.

பன்னிரண்டு வருஷக் கதை

"வேலி போட்டுப் பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டால் இடம் நம்முடையது" என்று திண்ணையில் உட்கார்ந்து சட்டம் பேசுவோர் எல்லா ஊரிலும் உண்டு. 1963-ம் ஆண்டின் காலவரையறைச் சட்டத்தில் பன்னிரண்டு வருஷக் கணக்கு இருப்பது வாஸ்தவம். ஆனால் வேலி தப்பாக நின்றது என்பது மட்டும் போதாது. உரிமையாளர் அறிய, பகிரங்கமாக, அவருடைய உரிமையை மறுத்து, இடைவிடாமல் அனுபவித்தேன் என்று நிரூபிக்க வேண்டும். நிரூபிக்க வேண்டியவர், "என்னுடையது" என்று சொல்பவர். அரசாங்க நிலமானால் கணக்கு முப்பது வருஷம்.

சர்வே கல்லையே பிடுங்கிப் போட்டுவிடலாம் என்று நினைக்கிறவர்களுக்கும் ஒரு சமாசாரம். 1860-ம் ஆண்டின் தண்டனைச் சட்டத்தில் 434-வது பிரிவு அதற்கென்றே இருந்தது. ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். 2024 ஜூலை முதல் அந்தச் சட்டம் போய்ப் புதுச் சட்டம் வந்திருக்கிறது. புதியதிலும் இது குற்றமாகவே இருக்கிறது.

நெடுஞ்சாலை ஓரத்து வீட்டுக்காரர்களுக்கு வேறொரு கவலை. காவேரிப்பாக்கத்து வழியாகப் போகும் சாலையைப்போல் பல சாலைகள் அகலமாகிக்கொண்டே இருக்கின்றன. தேசிய நெடுஞ்சாலைச் சட்டம் 1956-ல் வந்தது. அதன்படி நிலம் எடுக்கும் அறிவிப்பு வெளிவந்தால், ஆட்சேபணை தெரிவிக்க இருபத்தோரு நாள் அவகாசம் உண்டு. உங்கள் பட்டா நிலத்தில் நின்ற மதிலுக்கும் மரத்துக்கும் நிலத்தோடு சேர்த்து மதிப்புப் போட வேண்டும். ஆனால் வேலி பட்டாவைத் தாண்டிப் புறம்போக்கில் நின்றிருந்தால்? தாத்தா காலத்து வேலி என்றாலும் அந்தத் துண்டு நிலத்துக்கு விலை கேட்க முடியாது. அரை அடி அரை அடியாக வேலி நடந்ததில் கிடைத்த லாபம் அன்றைக்கு ஒரே நாளில் போய்விடும்.

வேலியில் ஒரு பொட்டு

உலகத்தில் தமிழர்கள் வேலிக்கு அதிக மரியாதை கொடுத்த ஊர் எது என்று கேட்டால் யாழ்ப்பாணம் என்று சொல்லலாம். வீட்டுக்கு வீடு, வளவுக்கு வளவு வேலி. கதியால் நட்டு, கிடுகாலோ பனையோலையாலோ ஆள் உயரத்துக்கு அடைப்பார்கள். ஓலை மக்கிப்போனதும் மறுபடி அடைக்க வேண்டும். வேலிச் சண்டைக்கும் அந்த ஊர் பேர்போனதுதான்!

ஆனால் அதே வேலியில் ஓர் அழகான ஏற்பாடும் உண்டு. நெருங்கிப் பழகும் இரண்டு வீடுகளுக்கு நடுவே, ஆள் குனிந்து போகிற அளவுக்கு ஒரு சிறு வழி. அதற்குப் "பொட்டு" என்று பெயர். தெருவைச் சுற்றிக்கொண்டு போகாமல் அந்தப் பொட்டு வழியாகவே குழம்பும் போகும், குழந்தையும் போகும், அவசரத்துக்கு ஒரு கை உப்பும் வரும்.

நம் ஊரிலும் கொல்லைப்புறத்தில் ஒரு படல் வைப்பதுண்டு. இப்போது மதில்கள் உயர உயரப் படல்கள் குறைந்துவிட்டன. புதிதாக வேலி போடுகிறவர்கள், முடிந்தால் ஒரு சிறு கதவுக்கு இடம் விடுங்கள். கல் சரியான இடத்தில் இருந்தால் கதவைத் திறந்து வைக்கப் பயமில்லை. எல்லை எது என்று தெரியாத இடத்தில்தான் ஒவ்வொரு காலடியும் ஆக்கிரமிப்பாகத் தோன்றும்.

நூலைப் பிடித்து நட்ட வேலிக்குக் கால் முளைக்காது. அது நின்ற இடத்தில் நிற்கும். இரண்டு பக்கத்து மனிதர்களும் தாராளமாக நடமாடுவார்கள்.